மோட்டார்ஹோமுக்குப் புரொபேன் நிரப்பும் முன் விலையை ஒப்பிடுவது எப்படி

அமெரிக்காவில் பெட்ரோல் விலையை ஒப்பிடுவது சுலபம். சாலையோரத்தில் தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். போனைத் திறந்தால் பக்கத்தில் உள்ள பங்க்குகளின் விலை வரிசையாக வந்து நிற்கும். மோட்டார்ஹோமில், அதாவது வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டியில், அடுப்பும் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் ஓடுவது புரொபேன் என்ற கேஸில். அதற்கு இந்த வசதி கிடையாது. பல இடங்களில் விலைப் பலகையே இருக்காது. ஒரு கடையில் கேலனுக்கு விலை சொல்வார்கள், அடுத்த கடையில் பவுண்டுக்கு, இன்னொரு இடத்தில் சிலிண்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒருவர் கொடுக்கும் பணத்தைப்போல இன்னொருவர் ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டு, அது அதிகம் என்றே தெரியாமல் போய்விட முடியும்.

புதிதாக மோட்டார்ஹோம் வாங்கியவர்கள், விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் இருவருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் போனில் உள்ள கால்குலேட்டர் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டேங்க் காலியாகி, ராத்திரி குளிரில் ஹீட்டர் நின்றுபோன பிறகு விலையை ஒப்பிட முடியாது. அப்போது யார் திறந்திருக்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் விலை. டேங்க் பாதி இருக்கும்போது விசாரிக்கத் தொடங்குபவருக்குத்தான் பேரம் பார்க்கும் வாய்ப்பே இருக்கிறது.

முதலில் உங்கள் டேங்க்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் பெரும்பாலும் கழற்றி எடுக்கக்கூடிய சிலிண்டர்கள் இருக்கும். கிரில் அடுப்புக்குக் கீழே வைப்பார்களே, அதே வகை. மோட்டார்ஹோமில் அப்படி இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தோடு நிரந்தரமாகப் பொருத்திய டேங்க் இருக்கும். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது, வண்டியையே பம்ப் வரை ஓட்டிப் போக வேண்டும். விலையை ஒப்பிடும்போது இந்த ஒரு விஷயம் பாதிக் கடைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். சிலிண்டர் நிரப்பித் தருகிற எல்லா இடத்திலும் மோட்டார்ஹோம் டேங்க்கை நிரப்ப மாட்டார்கள். பம்ப் கடையின் பின்பக்கம் ஒரு வேலிக்குள் இருக்கலாம், அல்லது பெரிய வண்டி திரும்ப இடமில்லாமல் இருக்கலாம்.

டேங்க்கின் மேல் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் தண்ணீர்க் கொள்ளளவு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். டேங்க்கைத் தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த எண். புரொபேனை அந்த அளவுக்கு நிரப்பக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். வெயில் ஏறினால் திரவப் புரொபேன் நன்றாக விரிவடையும். அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். ஆகவே தகட்டில் 20 கேலன் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 16 கேலன். வண்டியோடு வரும் கையேட்டில் சில தயாரிப்பாளர்கள் முழுக் கொள்ளளவைப் போடுவார்கள், சிலர் 80 சதவீதக் கணக்கைப் போடுவார்கள். தகட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேன் வகை வண்டிகளில் ஐந்தாறு கேலன்தான் இருக்கும். பஸ் அளவுள்ள கிளாஸ் ஏ வண்டிகளில் 30 கேலன் வரைகூடப் போகும்.

அடுத்தது, இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. வண்டிக்குள் சுவரில் இருக்கும் விளக்குப் பலகை காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழு என்று நாலே நிலைகளைத்தான் காட்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வெளியே டேங்க்கிலேயே ஒரு சின்ன முள் மீட்டர் இருக்கும். அதுவும் துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனால் விளக்கைவிட எவ்வளவோ மேல். முழு டேங்க் 16 கேலன், முள் கால் பங்கில் நிற்கிறது என்றால், சுமார் 12 கேலன் வாங்கப் போகிறீர்கள். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடை மலிவு என்பதை இதுதான் தீர்மானிக்கப் போகிறது.

எல்லா விலையையும் கேலனுக்குக் கொண்டுவாருங்கள்

ஒப்பிடுதல் என்றால் உண்மையில் இந்தப் பகுதிதான். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு கேலன் புரொபேன் 4.24 பவுண்ட் எடை இருக்கும். பவுண்டுக்கு விலை சொன்னால் 4.24-ஆல் பெருக்குங்கள், கேலன் விலை வந்துவிடும். "பவுண்டுக்கு 95 சென்ட்தான்" என்று கேட்கும்போது மலிவாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் கேலனுக்கு 4 டாலர் 3 சென்ட். பக்கத்துக் கடையில் கேலன் 3.50 என்றால் அதுதான் மலிவு.

சிலிண்டருக்கு மொத்த விலை சொல்லும் இடங்கள் மோட்டார்ஹோமுக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனாலும் வெளியே வைத்துச் சமைக்க ஒரு சின்ன சிலிண்டரும் கூடவே வைத்திருப்பவர்கள் பலர், அதனால் சொல்கிறேன். 20 பவுண்ட் சிலிண்டர் முழுதாகக் காலியாக இருந்தால் 4.7 கேலன் பிடிக்கும். நிரப்ப 20 டாலர் என்றால் கேலனுக்கு 4.26 ஆகிறது. அதே சிலிண்டரைப் பாதி மிச்சம் வைத்துக்கொண்டு போய் அதே 20 டாலர் கொடுத்தால் கேலன் எட்டரை டாலர் ஆகிவிடும். மொத்த விலைக் கடைக்குப் போவதென்றால் சிலிண்டரைக் கடைசிவரை தீர்த்துவிட்டுப் போங்கள். கடை வாசலில் கூண்டுக்குள் அடுக்கி வைத்திருக்கும் மாற்றுச் சிலிண்டர்கள் இன்னும் விலை கூடியவை. பெயர் 20 பவுண்ட் சிலிண்டர் என்றாலும் பெரும்பாலானவற்றில் 15 பவுண்ட்தான் நிரப்பியிருப்பார்கள். அது லேபிளில் சின்ன எழுத்தில் அச்சாகியும் இருக்கும். 25 டாலருக்கு 15 பவுண்ட் என்றால் கேலனுக்கு 7 டாலரைத் தாண்டுகிறது. அவசரத்துக்கு நல்லது, வழக்கமாக வாங்குவதற்கு இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். வரி, பம்பை மாட்டுவதற்கான கட்டணம், குறைந்தபட்சம் இத்தனை கேலன் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை, அதிகம் வாங்கினால் விலை இறங்கும் படிக்கட்டு முறை என்று நாலு விதமாக வரும். இவை எல்லாவற்றையும் சமாளிக்க ஒரே வழிதான் உண்டு. கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தைக் கணக்கிட்டு, அதை வாங்கும் கேலனால் வகுத்துவிடுங்கள்.

கணக்கு புரிவதற்காக ஒரு ஊரில் மூன்று இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு. கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) அலுவலகத்தில் வரி உட்பட பவுண்டுக்கு 1.10 டாலர். பண்ணைப் பொருள் கடையில் கேலனுக்கு 3.29, அதன்மேல் 6 சதவீத வரி. ஊருக்கு வெளியே உள்ள புரொபேன் மொத்த வியாபாரியிடம் வரி உட்பட கேலனுக்கு 2.79, ஆனால் ஒவ்வொரு முறையும் 5 டாலர் கட்டணம்.

கேம்ப்கிரவுண்ட் விலையைப் பெருக்கினால் கேலன் 4.66. மூன்று கேலனோ அதற்கு மேலோ வாங்கினால் இதுதான் கூடுதல். பண்ணைக் கடை வரியோடு 3.49. வியாபாரியிடம்தான் கணக்கு மாறுகிறது. 6 கேலன் வாங்கினால் 16.74 கூட்டல் 5, மொத்தம் 21.74, கேலனுக்கு 3.62. பண்ணைக் கடையே மேல். 15 கேலன் வாங்கினால் 46.85, கேலனுக்கு 3.12. இப்போது வியாபாரி மேல். ஏழு கேலனைத் தாண்டியதும் தராசு அவர் பக்கம் சாய்கிறது. "எந்தக் கடை மலிவு" என்று யாரிடமாவது கேட்டு அவர் சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். அவருடைய டேங்க் வேறு, உங்களுடையது வேறு.

உறுப்பினர் அட்டைத் தள்ளுபடியும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். காஸ்ட்கோ போன்ற இடங்களுக்கு ஏற்கெனவே அட்டை வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புரொபேனுக்காக மட்டும் புதிதாகச் சேர்வதென்றால், வருடத்தில் எத்தனை கேலன் வாங்குவீர்கள், கேலனுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று பெருக்கி, சந்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோடையில் இரண்டு மூன்று முறை வெளியே போகும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கெங்கே கிடைக்கும்

ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்கள் பலவற்றில் புரொபேன் பம்ப் உண்டு. பெரிய வண்டிக்கு நுழைய, திரும்ப இடம் இருக்கும். டீசல், பெட்ரோல், கழிவுநீர்த் தொட்டி காலி செய்யும் வேலை எல்லாம் ஒரே நிறுத்தத்தில் முடியும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் விலை இருக்கும். லாரிகளை வாடகைக்கு விடும் யூ-ஹால் நிறுவனத்தின் கிளைகள் பலவற்றில் நிரப்புகிறார்கள், ஊருக்குள் எளிதில் கிடைப்பது அதன் சிறப்பு. ஆனால் சில கிளைகளின் வாசல் குறுகலாக இருக்கும், 30 அடி வண்டியோடு உள்ளே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். முன்னதாக வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிராக்டர் சப்ளை போன்ற பண்ணைப் பொருள் கடைகள் பல ஊர்களில் நியாயமான விலைக்குத் தருகின்றன. காஸ்ட்கோவிலும் சில கிளைகளில் உண்டு.

என் முதல் விசாரணை எப்போதும் அந்த வட்டாரத்தின் மொத்த வியாபாரிக்கும் விவசாயிகள் கூட்டுறவுக் கடைக்கும்தான். வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் லாரியில் புரொபேன் கொண்டுபோய் ஊற்றுகிறவர்கள் அவர்கள். முற்றத்திலேயே பெரிய வெள்ளைத் தொட்டி நிற்கும். சில்லறைக்கு விற்பது அவர்களுக்குப் பக்க வேலை. அதனால் விலை பெரும்பாலும் குறைவு, நிரப்புகிறவருக்கும் வேலை நன்றாகத் தெரியும். குறை என்னவென்றால் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறக்க மாட்டார்கள். விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் வெள்ளிக்கிழமையே போய்விடுவது நல்லது.

கேம்ப்கிரவுண்ட்களில் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் சில கேம்ப்கிரவுண்ட்களுக்கு ஒரு லாரி வாரத்துக்கு ஒரு முறை வந்து, வண்டி நிற்கும் இடத்திலேயே நிரப்பிவிட்டுப் போகும். ஒரே இடத்தில் நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. மெத்தையை மடக்கி, படிக்கட்டை உள்ளே தள்ளி, குழாய்களைக் கழற்றி வண்டியை நகர்த்துகிற தொல்லை மிச்சம். தேசியப் பூங்காக்களின் வாசல் ஊர்களில் நிரப்புவதை முடிந்தவரை தவிருங்கள். வேறு கடை பக்கத்தில் இல்லை என்பது விற்பவருக்கும் தெரியும்.

போனில் என்ன கேட்பது

கடைக்குப் போன் செய்தால் முதலில் விலையைக் கேட்கத் தோன்றும். அதைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி: "மோட்டார்ஹோமில் பொருத்திய டேங்க்கை நிரப்புவீர்களா?" இதற்கு இல்லை என்றால் மற்றது எதுவும் தேவையில்லை. அடுத்து வண்டியின் நீளத்தைச் சொல்லி, பம்ப் வரை வந்து திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் டேங்க் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தத் திசையில் நுழைய வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நிரப்பத் தெரிந்த ஆள் இன்று எத்தனை மணிவரை இருப்பார் என்பது மூன்றாவது. இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. புரொபேனைப் பெட்ரோல் மாதிரி நாமே போட்டுக்கொள்ள விடமாட்டார்கள், பயிற்சி பெற்ற ஊழியர்தான் நிரப்ப வேண்டும். கடை இரவு ஒன்பதுவரை திறந்திருந்தாலும் அந்த ஊழியர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்புறம்தான் விலை. அதையும் இப்படிக் கேளுங்கள்: "12 கேலன் போட்டால் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?" கேலன் விலை என்ன என்று மட்டும் கேட்டால் கேலன் விலையை மட்டும்தான் சொல்வார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை, நாம் கேட்டது அதுதான். மொத்தத்தைக் கேட்கும்போது குறைந்தபட்ச நிபந்தனை, பம்ப் கட்டணம் எல்லாம் தானாக வெளியே வரும். இரண்டு மூன்று போன் செய்தால் போதும். அதற்குமேல் தேடுவதில் பெரிய பலன் இருக்காது.

எவ்வளவு தூரம் போகலாம்

மோட்டார்ஹோம் எரிபொருளைத் தாராளமாகக் குடிக்கும். உங்கள் வண்டி கேலனுக்கு 9 மைல் ஓடுகிறது, பெட்ரோல் கேலன் 3.60 என்றால், ஒவ்வொரு மைலுக்கும் 40 சென்ட் செலவு. தூரத்துக் கடையில் புரொபேன் கேலனுக்கு 60 சென்ட் குறைவு, 12 கேலன் வாங்குகிறீர்கள் என்றால் மிச்சம் 7 டாலர் 20 சென்ட். அதை 40 சென்ட்டால் வகுத்தால் 18 மைல். போகவும் வரவும் சேர்த்துக் கூடுதலாக 18 மைல் ஓட்டினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குமேல் போனால் கைக்காசு போகும், நேரம் போவதைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது, வழியில் இருக்கும் கடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். நாளை எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று பார்த்து, அந்தச் சாலையிலிருந்து இரண்டு மூன்று மைலுக்குள் உள்ளவற்றை விசாரிப்பது புத்திசாலித்தனம். வேறு திசையில் இருக்கும் மலிவான கடை நமக்கு மலிவு இல்லை.

நிரப்பும் இடத்தில்

வண்டியைப் பம்ப் பக்கம் கொண்டுவரும் முன்பே உள்ளே எரியும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அடுப்பு, ஓவன், வாட்டர் ஹீட்டர், அறை ஹீட்டர், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாம். ஃபிரிட்ஜைத்தான் பெரும்பாலானோர் மறப்பார்கள், அது சத்தமில்லாமல் உள்ளே ஒரு சுடரோடு எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்துங்கள். குழந்தைகள், பெரியவர்கள், செல்லப் பிராணிகள் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்கட்டும். "இரண்டு நிமிஷம்தானே, அம்மா உள்ளேயே படுத்திருக்கட்டும்" என்று சொல்லாதீர்கள்.

ஊழியர் குழாயை மாட்டியதும் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநில எடை அளவைத் துறை சோதித்து ஒட்டிய ஸ்டிக்கர் மீட்டரில் இருக்கும். நிரப்பும்போது டேங்க்கின் ஓரத்தில் உள்ள ஒரு சின்னத் திருகை அவர் லேசாகத் தளர்த்துவார். அதன் வழியாக முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆவி சீறிக்கொண்டு வரும். திரவம் 80 சதவீதத்தைத் தொட்டதும் அந்தச் சீறல் வெள்ளை மூட்டமாக மாறும். அந்தக் கணமே பம்பை நிறுத்தித் திருகை இறுக்கிவிடுவார். அந்த வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டேங்க் நிரம்பியதற்கு அடையாளம் அதுதான். கை மட்டும் பக்கத்தில் போகக் கூடாது, பட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்கவும் கூடாது. கொடுத்த காசுக்கு ஒரு கேலன் கூடுதலாக வாங்குவதற்கான இடம் அது இல்லை.

வெயில் காலத்தில் ஒரு சந்தேகம் வரும். புரொபேன் சூட்டில் விரிவடையும் என்றால், சூடான நாளில் ஒரு கேலன் வாங்கினால் சரக்கு குறைவாகத்தானே இருக்கும்? உண்மைதான். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உள்ள ஒரு கேலனில், 60 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 4 முதல் 5 சதவீதம் குறைவாக இருக்கும். இதைச் சரிக்கட்டத்தான் பல மீட்டர்கள் தாமாகவே 60 டிகிரிக்குக் கணக்கை மாற்றிக் காட்டுகின்றன. அப்படி மாற்றியிருந்தால் மீட்டரிலோ ரசீதிலோ 60 டிகிரி என்ற குறிப்பு இருக்கும். இல்லாவிட்டாலும் 10 கேலனில் போவது ஒன்றரை டாலருக்குக் கொஞ்சம் மேல்தான். இரண்டு கடைகளின் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இந்தக் குறிப்புள்ள கடையைத் தேர்ந்தெடுங்கள்.

எடை போட்டு விற்கும் இடத்தில் வெப்பத்தால் எந்த மாற்றமும் வராது. கைச் சிலிண்டரை அப்படி நிரப்பினால், அதன் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் காலி எடையைப் பாருங்கள். 20 பவுண்ட் சிலிண்டருக்கு அது 17 பவுண்ட் அளவில் இருக்கும். தராசில் 37 பவுண்டுக்குப் பக்கத்தில் நின்றால் கணக்கு சரி.

ரசீதைக் கையில் வாங்கியதும் கேலன் எண்ணைப் பாருங்கள். உங்கள் டேங்க்கில் மொத்தமே 16 கேலன்தான் பிடிக்கும், முள் பாதியில் இருந்தது, ரசீதில் 14 என்று இருக்கிறது என்றால் அங்கேயே நின்று மரியாதையாகக் கேளுங்கள். முள் மீட்டர் கொஞ்சம் முன்பின் காட்டும் என்பது உண்மை, ஆனால் அவ்வளவு வித்தியாசம் வராது. பேசாமல் வந்துவிட்டால் பிறகு கேட்க வழியில்லை.

நிரப்புவதற்காக மூடியிருந்த டேங்க் வால்வைக் கிளம்பும்போது மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திறந்தால், குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே உள்ள பாதுகாப்பு வால்வு ஓட்டத்தை அடைத்துவிடும். டேங்க் நிரம்பியிருந்தும் அடுப்பு எரியவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான். அப்படி ஆனால் வால்வை மூடி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி நிதானமாகத் திறந்தால் சரியாகிவிடும். வண்டி பம்பை விட்டுத் தள்ளி வந்த பிறகு, முதலில் ஒரு அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் தங்கிய காற்றைப் போக்கிவிட்டு மற்றவற்றை ஓடவிடுங்கள். அழுகிய முட்டை வாடை ஏதாவது வந்தால் எதையும் பற்றவைக்காமல் வால்வை மூடிவிட்டு, எல்லோரையும் இறக்கி, ஊழியரைக் கூப்பிடுங்கள்.

எப்போது விலை குறையும்

அமெரிக்காவில் புரொபேன் விலை டெக்சாஸில் உள்ள மான்ட் பெல்வியூ, கன்சாஸில் உள்ள கான்வே என்ற இரண்டு சேமிப்பு மையங்களின் மொத்த விலையை ஒட்டி ஏறி இறங்கும். கோடையில் வீட்டு ஹீட்டர்கள் ஓடாததால் கையிருப்பு சேரும், விலை தணிந்திருக்கும். குளிர்காலத்தில் ஏறும். அதற்கு முன்னால் இலையுதிர் காலத்திலேயே மத்திய மேற்கு மாநிலங்களில் அறுவடை செய்த மக்காச்சோளத்தைக் காயவைக்க ஏராளமான புரொபேன் போகும். ஈரமான வருடம் என்றால் தேவை இன்னும் கூடும். 2013 இலையுதிர் காலத்தில் அப்படி நிறையச் செலவாகி, அதன் பின்னால் கடுங்குளிரும் வந்தபோது, 2014 ஜனவரி இறுதியில் வீட்டு உபயோக விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டிப் போனது.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாராவாரம் மாநில வாரியாகப் புரொபேன் விலையை வெளியிடுகிறது. அது வீடுகளுக்கு மொத்தமாக ஊற்றும் விலை, நாம் பம்பில் கொடுப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் மலிவு என்று அதில் தெளிவாகத் தெரியும். அயோவா, நெப்ராஸ்கா, வட டகோட்டா பக்கம் குறைவு. கிழக்குக் கடற்கரையிலும் ஃப்ளோரிடாவிலும் அதிகம். மத்திய மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்கள் கிளம்பும் பக்கத்திலேயே நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கணக்கிட

ஒரு கேலன் புரொபேனில் சுமார் 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. உங்கள் அறை ஹீட்டரின் தகட்டில் மணிக்கு 30,000 பி.டி.யு. என்று இருந்தால், தொடர்ந்து எரிந்தால் மூன்று மணி நேரத்தில் ஒரு கேலன் காலி. குளிரான இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்தால்கூட ஒன்றரை கேலனைத் தாண்டும். ஃபிரிட்ஜ் அப்படி இல்லை, ஒரு கேலனில் இரண்டு நாள் ஓடும். சமையலுக்கு ஆவது சொற்பம். மூன்று வேளையும் சமைக்கிற குடும்பமானாலும் அடுப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. செலவு முழுக்க ஹீட்டரில்தான் இருக்கிறது.

மின் இணைப்புள்ள இடத்தில் தங்கினால் இன்னொரு ஒப்பீடும் உண்டு. ஹீட்டரில் எரியும்போது வெப்பத்தில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடும். அதைக் கழித்தால் ஒரு கேலன் புரொபேன் தரும் சூடு சுமார் 20 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆகவே புரொபேன் விலையை 20-ஆல் வகுங்கள். கேலன் 3.60 என்றால் 18 சென்ட் வருகிறது. மின்சாரம் யூனிட் 18 சென்ட்டுக்குக் கீழே இருந்தால் மின்சார ஹீட்டர் லாபம், மேலே இருந்தால் புரொபேன். ஒரு ராத்திரி வாடகையிலேயே மின்சாரமும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள். வெளியே தண்ணீர் உறையும் குளிர் என்றால் மட்டும் புரொபேன் ஹீட்டரை முழுக்க நிறுத்தாதீர்கள். பல வண்டிகளில் தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் சூடு போவது அதன் வழியாகத்தான். உறைந்து வெடித்த குழாயைச் சரிசெய்யும் செலவில் பல முறை டேங்க் நிரப்பலாம்.

எல்லை தாண்டினால்

கனடாவில் லிட்டர் கணக்கு. லிட்டர் விலையை 3.785-ஆல் பெருக்கினால் கேலனுக்கு எத்தனை கனடா டாலர் என்று வரும். பிறகு அன்றைய மாற்று விகிதத்தில் அமெரிக்க டாலருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.10 என்பது பார்க்கக் குறைவாக இருக்கும், கேலனுக்கு 4.16 கனடா டாலர் ஆகிறது. வரி சேர்ந்ததா இல்லையா என்று அங்கும் கேட்க வேண்டும்.

மெக்சிகோவில் விற்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. புரொபேன் கழித்தல் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு குளிரான மலைப் பகுதிக்கு வந்தால், டேங்க்கில் சரக்கு இருந்தும் ஹீட்டர் எரியாமல் போகலாம். திரும்பி வரும் வழியில் குளிர் காத்திருக்கிறது என்றால் தேவையானதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி எடுத்தவர்களுக்கு

ஒப்பந்தத்தில் புரொபேனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வண்டியை எடுக்கும்போதே படியுங்கள். எடுத்த அளவிலேயே திருப்பித் தர வேண்டும் என்றும், குறைந்தால் அவர்கள் நிரப்பி அதற்குக் கட்டணம் வாங்குவார்கள் என்றும் இருக்கும். அந்தக் கட்டணமும் ஒரு புரொபேன் விலைதான், அதையும் உங்கள் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஏழெட்டு டாலருக்கு முடியும் வேலைக்கு அவர்கள் 40 டாலர் போட்டிருந்தால், திருப்பித் தரும் நாளுக்கு முந்தைய மதியமே வழியில் உள்ள ஒரு கடையில் நிரப்பிவிடுங்கள். காலையில் வண்டியை ஒப்படைக்கிற நேரத்தில் அந்தக் கடை திறந்திருக்காது. வண்டியை எடுக்கும்போது முள் மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள், நிரப்பிய ரசீதையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் கேட்டால் இரண்டையும் காட்டினால் போதும்.